பதினாறு டைல் தூரம்

அப்பாவின் நாற்காலிக்கும் அம்மாவின் தையல் மெஷினுக்கும் நடுவே பதினாறு டைல். மகள் தபால் இதை எத்தனையோ தடவை எண்ணியிருக்கிறாள். எண்ணாமல் என்ன செய்வாள், இருபத்தாறு வருஷமாக அந்தப் பதினாறின் மேல்தான் நடையாய் நடக்கிறாள். ஆறாவது டைலில் ஒரு மூலை உடைந்து போயிருக்கும். காலில் குத்தும் என்பதால் அந்த இடத்தில் நடை தானாகவே தாமதப்படும். அந்தத் தாமதத்தில்தான் வீட்டின் முக்கியமான காரியங்கள் எல்லாம் நடந்தன. நாற்காலியிலிருந்து கிளம்பிய பேச்சு ஆறாவது டைலைத் தாண்டியதும் வேறு பேச்சாகிவிடும்.

அப்பாவும் அம்மாவும் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. மற்றபடி ஒரு குறையும் கிடையாது. ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே பற்பசை. பேச்சு மட்டும் மகள் வழியாகப் போய் வரும்.

"உங்கப்பாகிட்ட சொல்லு, தண்ணி சுட வச்சிருக்கேன்னு."

"உங்கம்மாகிட்ட சொல்லு, கேட்டுச்சுன்னு."

கேட்டதென்னவோ உண்மைதான். பதினாறு டைலில் கேட்காமல் இருக்க அப்பாவுக்குக் காது ஒன்றும் மோசமில்லை. ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே! செய்தி உரிய வழியில் வந்து சேர்ந்தால்தான் அது செய்தி. காதில் தானாக விழுந்தது கணக்கில் சேராது.

தபால் என்பது அவளுடைய பெயர் இல்லை. பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. தபால் என்ற பெயரை வைத்தவள் சித்தி, அதுவும் தன் கல்யாணத்தன்று. அந்தக் கதையைச் சொல்லாவிட்டால் மற்ற எதுவும் புரியாது.

அப்பா பஸ் டிப்போவில் டைம் கீப்பர். கையில் கடிகாரம், வாயில் விசில். அவர் ஊதினால் பஸ் கிளம்பும், ஊதாவிட்டால் டிரைவர் நாள் பூரா ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். சித்தியின் கல்யாணத்துக்கு அம்மாவும் எட்டு வயது மகளும் காலை ஆறு பத்து வண்டியில் போவதாக ஏற்பாடு. அப்பா டியூட்டி முடித்துப் பிறகு வருவார். மகளையும் பரிசுப் பெட்டியையும் சீட்டில் உட்கார வைத்துவிட்டு, "அசையாம இரு" என்று சொல்லி, தண்ணீர் பாட்டில் வாங்க இறங்கினாள் அம்மா. ஆறு பத்து ஆயிற்று. அப்பா விசிலை எடுத்தார்.

அம்மா பாட்டிலோடு ஓடி வருவது அவருக்குத் தெரிந்தது. மகளுக்கும் பின் கண்ணாடி வழியாகத் தெரிந்தது. முப்பது அடி தூரம், அவ்வளவுதான். அப்பா கடிகாரத்தைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். கடிகாரம் சொன்னதைத்தான் கேட்டார். ஊதினார்.

அதற்கு அடுத்த வண்டி பன்னிரண்டே காலுக்கு. அம்மா போய்ச் சேர்ந்தபோது தங்கை கல்யாணம் முடிந்து, சாப்பிட்ட மேஜைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். மகளோ கண்டக்டர் தயவில், மடியில் பெட்டியோடு, தன்னந்தனியாக நேரத்துக்குப் போய் இறங்கியிருந்தாள். வாசலில் நின்ற மணப்பெண் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "என்னடி இது, உன்னைத் தபால்ல அனுப்பிட்டாங்களா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்த அம்மா, நாற்காலி பக்கம் திரும்பாமலே மகளிடம் சொன்னாள்: "உங்கப்பாகிட்ட கேளு, முப்பது அடிக்கு எத்தனை நிமிஷம் ஆகும்னு."

அப்பாவும் மகளிடமே சொன்னார்: "உங்கம்மாகிட்ட சொல்லு, நேரம்னா எல்லாருக்கும் நேரம்தான்."

உத்தியோகம் அப்படி ஆரம்பித்தது. சம்பளம் இல்லை, லீவு இல்லை, ஓய்வு பெறும் வயதும் இல்லை.

முதல் வருஷம் அவள் நேர்மையான தபாலாகத்தான் இருந்தாள். கொடுத்ததைக் கொடுத்தபடி சேர்த்தாள். அதன் பலனாக ஒரு எவர்சில்வர் தட்டு நெளிந்தது, ஒரு சுவர்க்கடிகாரம் உயிரை விட்டது. ஒரு நாள், "அந்த மனுஷன் செத்தாக்கூட என் முகத்துல முழிக்க வேணாம்னு சொல்லு" என்று அம்மா சொல்ல, அதை ஓர் எழுத்து குறையாமல் ஒப்பித்தாள். அப்பா மூன்று நாள் டிப்போ பெஞ்சிலேயே படுத்துக்கொண்டார். நாலாம் நாள் காலையில் அவள் பள்ளிக்கூட உடுப்போடு அங்கே போய் நின்றாள்.

"அம்மா வரச் சொன்னாங்கப்பா."

"சொன்னாளா?"

"சொன்னாங்க. பெஞ்சில படுத்தா முதுகு வலிக்குமேன்னு கேட்டாங்க."

அப்பா ரொம்ப நேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விசிலைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து வந்தார். ஒன்பது வயதில் தபாலுக்குத் தன் திறமை தெரிந்துபோயிற்று. அன்றைக்கே யாராவது அவள் வாயில் ஒரு துணியை அடைத்திருந்தால் அவளுடைய வாழ்க்கை வேறு மாதிரி போயிருக்கும். யாருக்கும் அப்படித் தோன்றவில்லை. வீடு அமைதியாக இருந்தால் ஏன் அமைதியாக இருக்கிறது என்று எவரும் விசாரிப்பதில்லை.

அதன் பிறகு ஆறாவது டைலில் தினமும் வேலைதான். "இதெல்லாம் ஒரு சட்டையா" என்று கிளம்பியது "காலர் கொஞ்சம் தூக்கலா இருக்காம்" என்று போய்ச் சேரும். "அவரு வந்தா என்ன வராட்டி என்ன" என்பது "எத்தனை மணிக்கு வருவாருன்னு கேட்டாங்க" ஆகும். கேட்கப்படாத நலன்கள் விசாரிக்கப்பட்டன. கிடைக்காத பாராட்டுகள் கிடைத்தன. அப்பாவுக்குத் தன் மனைவி வெளியே கரடுமுரடாக இருந்தாலும் உள்ளே பாசமானவள் என்று தோன்ற ஆரம்பித்தது. அம்மாவுக்கும் கிட்டத்தட்ட அதேதான். இருவரும் இல்லாத இரண்டு பேரோடு சுகமாகக் குடித்தனம் நடத்தினார்கள்.

அதிலெல்லாம் சிகரமானது பதினோரு வருஷத்துக்கு முன்னால் நடந்தது. பித்தப்பைக் கல்லுக்காக அம்மாவுக்கு ஆபரேஷன். எட்டு நாள் ஆஸ்பத்திரி. ஐந்தாம் நாள் அப்பா மகளிடம் சொன்னார்: "எப்ப விடுவாங்கன்னு கேட்டுட்டு வா. மெஷினை மூடாம போயிட்டா. தூசி விழுது."

ஆஸ்பத்திரியில் ஆறாவது டைல் கிடையாது. அதற்குப் பதிலாக ஒரு நீளமான தாழ்வாரம் இருந்தது. அது இன்னும் வசதி. கட்டிலருகே போய்ச் சேர்ந்தபோது செய்தி இப்படி இருந்தது: "எப்ப வருவேன்னு அப்பா கேட்டாரும்மா. மெஷின் சத்தம் இல்லாம வீடு என்னமோ மாதிரி இருக்காம்."

அம்மா சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவளுடைய தோள் இரண்டு தடவை குலுங்கியது. தபால் அதைப் பார்த்தாள். தான் செய்தது நல்ல காரியம் என்று நினைத்துக்கொண்டாள்.

இவ்வளவு அனுபவம் உள்ளவளை உலகம் சும்மா விடுமா? ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் முன் மேஜையில் வேலை கிடைத்தது. டாக்டர் கைராசிக்காரர். வாய்க்குத்தான் அந்த ராசி இல்லை. உள்ளேயிருந்து கத்துவார்: "இந்த ஆளு வாயைக் கழுவி எத்தனை வருஷம் ஆச்சுன்னு கேளும்மா!" தபால் வெளியே திரும்பி, காத்திருப்பவரிடம் பூப்போலச் சொல்வாள்: "டாக்டர் உங்க பல்லுல ரொம்ப அக்கறையா இருக்காரு சார்." ஜனங்கள் டாக்டரைத் தங்கமானவர் என்று பேசிக்கொண்டார்கள். டாக்டரும் தன்னைப் பற்றி அப்படித்தான் நினைத்திருந்தார்.

அந்தக் கிளினிக்குக்குச் செவ்வாயும் வெள்ளியும் ஒருவர் வருவார். பல்செட் செய்கிறவர். டாக்டர் எடுத்துவைத்த அச்சுகளைக் கொண்டுபோய், பற்களாகத் திருப்பிக் கொண்டுவருவார். சின்னச் சின்ன பிளாஸ்டிக் டப்பாக்களில் யார் யாருடைய சிரிப்போ இருக்கும். நாற்பத்தொரு வயது. நகக்கண்ணில் எப்போதும் கொஞ்சம் மெழுகு. அம்மா அப்பா இல்லை, கல்யாணமும் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று தபால் ஒரு நாள் சுற்றி வளைத்துக் கேட்டபோது, "யாரும் கேக்கலைங்க, நானும் கேக்கல" என்று நேராகச் சொன்னார். அவர் எல்லாவற்றையும் நேராகத்தான் சொல்வார். தொழில் அப்படி. "அரை மில்லிமீட்டர் தப்பா இருந்தாலும் போதும், போட்டுக்கிட்டவங்க வாயே காட்டிக் கொடுத்துடும். இதுல போய் நாம நைச்சியம் பண்ண முடியுமா?"

டாக்டர் ஒரு தடவை கோபத்தில் ஒரு பல்செட்டைத் தூக்கி வெளியே எறிந்தார். "இது என்ன குதிரைக்குச் செஞ்சதான்னு அந்த ஆளைக் கேளு!" தபால் குனிந்து எடுத்து, ஊதித் துடைத்து, "சார் கொஞ்சம் சரி பண்ணச் சொன்னாரு" என்றாள்.

"குதிரைன்னு சொன்னது எனக்கே கேட்டுச்சுங்க" என்றார் பல்செட்காரர். "நீங்க எதுக்குப் பாவம் நடுவுல கஷ்டப்படறீங்க?"

இருபத்தாறு வருஷத்தில் அவளை யாரும் இப்படிக் கேட்டதில்லை. டோக்கன்களை அடுக்குவது போல் தலையைக் குனிந்துகொண்டாள். அதன் பிறகு செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் அவள் தலையைக் கொஞ்சம் கூடுதலாக வாரிக்கொண்டு போனாள். அம்மா கவனித்தாள், சொல்லவில்லை. அப்பாவும் கவனித்தார், அவரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவற்றைச் சொல்வதற்கு அந்த வீட்டில் ஒரே ஆள்தானே இருந்தாள்! அவளைப் பற்றி அவளிடமே எப்படிச் சொல்லி அனுப்புவது?

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், டாக்டர் சாப்பிடப் போயிருந்த நேரம், பல்செட்காரர் டப்பாக்களை மேஜையில் வைத்துவிட்டு நின்றார்.

"ஒண்ணு சொல்லணும். கடற்கரைப் பக்கம் ஒரு பெரிய லேப்ல கூப்பிட்டிருக்காங்க. ரயில்ல எட்டு மணி நேரம். வர்ற ஒண்ணாம் தேதி போறேன். உங்களைக் கட்டிக்கிட்டுப் போகணும்னு இருக்கு. உங்களுக்கு எப்படி?"

தபால் எழுந்து நின்றாள். உட்கார்ந்தாள். பிறகு, பழக்கதோஷம், "சொல்லிடறேங்க" என்றாள்.

"யார்கிட்ட?"

தபால் டப்பாக்களை வரிசையாக அடுக்கினாள்.

"வீட்டுல நானே வந்து பேசட்டுமா?"

"ஐயோ வேணாம்!" பேச்சு என்று ஒன்று நேரடியாக வீட்டுக்குள் நுழைந்தால் என்ன ஆகும் என்று அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. "நானே சொல்லிக்கறேன்."

"சரிங்க. வெள்ளிக்கிழமை வர்றேன். ஆமான்னாலும் சரி, இல்லைன்னாலும் சரி. எனக்குத் தெரியணும், அவ்வளவுதான்."

போக வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. இதை இங்கே தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் அவள் யாரிடமும் தெளிவாகச் சொல்லப் போவதில்லை. வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் அந்த ஊரில் ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியுமா என்று யோசித்துக்கொண்டு வந்தாள். ஒரு தடவை தனியாகச் சிரித்துவிட்டு, யாரும் பார்த்துவிட்டார்களா என்று திரும்பிக்கூடப் பார்த்தாள்.

அம்மா பள்ளிக்கூட உடுப்புகளுக்குப் பை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். தபால் மெஷினருகே போய் நின்றாள். சொந்தச் செய்தியைச் சொந்த வாயால் சொல்வது அவளுக்குப் புதுசு. கை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை.

"அம்மா… கிளினிக்குக்கு ஒருத்தர் வருவாரு. பல்செட் செய்யறவரு."

"ம்."

"அவரு… ஒண்ணுமில்ல, சும்மா கேட்டாரு. கல்யாணம் மாதிரி. ஊரு கொஞ்சம் தூரம். ஒண்ணும் அவசரமில்லம்மா. வேணாம்னாலும் பரவால்ல."

இத்தனை வருஷம் மற்றவர்களின் பேச்சில் முள்ளை எடுத்து எடுத்து, கை அப்படியே பழகிவிட்டது. தன் பேச்சில் முள் இல்லையென்றதும் சதையை எடுத்துவிட்டாள்.

அம்மாவின் கால் பெடலிலேயே நின்றது. மகளை நிமிர்ந்து பார்த்தாள். வேணாம்னாலும் பரவால்ல என்கிற பெண்ணுக்கு அந்த இடத்தில் பெரிதாக இஷ்டம் இருக்காது என்று யாருக்கும் தோன்றும். இருந்தாலும் முப்பத்துநாலு வயது. அம்மாவுக்கும் ஆசை எட்டிப் பார்த்தது. ஆசையை அவள் வழக்கமாகச் சொல்கிற மாதிரியே சொன்னாள்: "போறதுன்னா போ. என்னை யாரு பாத்துப்பான்னு எல்லாம் நீ ஒண்ணும் யோசிக்க வேணாம். உங்கப்பா என்ன சொல்றாருன்னு கேளு."

பதினாறு டைல். ஆறாவதில் தபால் நின்றாள். 'போறதுன்னா போ' என்பதை அப்படியே கொண்டுபோனால் அம்மா கோபமாக இருப்பதாக அப்பா எடுத்துக்கொள்வார். என்னை யாரு பாத்துப்பா என்பது அவரைக் குத்தும். அவள் இரண்டையும் கழற்றி எடுத்தாள். எஞ்சியதைக் கொண்டுபோனாள்.

"அப்பா, ஒரு இடம் வந்திருக்கு. அம்மா கொஞ்சம் யோசிக்கறாங்க."

அப்பா பேப்பரை மடித்தார். "எந்த ஊரு?" சொன்னாள். "ரயிலா? எத்தனை மணிக்கு?" தெரியாது என்றாள். அவர் எழுந்துபோய் அலமாரியிலிருந்து கால அட்டவணைப் புத்தகத்தை எடுத்து வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை வைத்துத் தேடினார். ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதினார்.

"நல்ல வண்டியாத்தான் இருக்கு. காலையில ஏழு இருபது. போகட்டும்னு உங்கம்மாகிட்ட சொல்லு."

இதைவிடச் சந்தோஷமாக அவர் பேசி அவள் கேட்டதில்லை. ஆனால் திரும்பி வரும் வழியில் காலில் டைல் குத்தியது. வண்டி நேரம் பார்த்து, போகட்டும் என்று சொல்கிற அப்பாவை அம்மாவிடம் எப்படிக் கொண்டுபோவது? முப்பது அடி தூரத்தில் பாட்டிலோடு ஓடி வந்தவள் அல்லவா அம்மா? பெண்ணையும் விசில் ஊதி அனுப்புகிறார் என்றுதானே அவள் காதில் விழும்? வேண்டாம். இதைக் கொஞ்சம் மென்மையாக்க வேண்டும்.

"அப்பா ஒண்ணும் பெரிசா சொல்லலம்மா. ஊரு தூரமா இருக்கேன்னு பாக்கறாரு."

அம்மா நூலைக் கடித்து அறுத்தாள். பதினோரு வருஷமாக அவள் ஒரு வாக்கியத்தின் மேல் வாழ்கிறாள்: மெஷின் சத்தம் இல்லாமல் வீடு என்னமோ மாதிரி இருக்கும் என்று சொன்ன மனுஷன். மகளும் போய்விட்டால் அவருக்கு எப்படி இருக்கும்?

"அவருக்கு மனசு வரலைன்னா விட்டுடு. பாவம், அந்த மனுஷனைப் போட்டுக் கஷ்டப்படுத்த வேணாம்" என்றாள். அவள் வாயிலிருந்து 'பாவம்' என்ற சொல் அப்பாவைக் குறித்து வந்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் சாயங்காலம் அப்பா கேட்டார்: "உங்கம்மா என்ன முடிவு பண்ணினா?"

"அம்மாவுக்கு… அவ்வளவா மனசில்லப்பா."

அப்பா அந்தத் துண்டுக் காகிதத்தை இரண்டாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். தான் பெஞ்சில் படுத்திருந்தபோது முதுகு வலிக்குமே என்று கேட்டனுப்பியவள் அல்லவா? "அவ சொன்னா சரியாத்தான் இருக்கும். அவ மனசைக் கஷ்டப்படுத்தி ஒரு கல்யாணம் வேணாம்."

இருபத்தாறு வருஷத்தில் கணவனும் மனைவியும் ஒருவருக்காக ஒருவர் விட்டுக்கொடுத்தது அன்றைக்குத்தான். தபாலின் வாழ்நாள் சாதனை அது. அந்த மகத்தான சாதனையின் அடியில் அவளே நசுங்கிப் போனாள்.

வெள்ளிக்கிழமை பல்செட்காரர் வந்தார். புதுச் சட்டை. நகக்கண்ணில் மெழுகு இல்லை.

"வீட்டுல…" என்று ஆரம்பித்தாள்.

"வீட்டுல என்ன சொன்னாங்கன்னு அப்புறம் கேட்டுக்கறேன். நீங்க என்ன சொல்றீங்க?"

அவள் வாயைத் திறந்தாள். அந்த வாயில் அப்பாவின் பேச்சு இருந்தது, அம்மாவின் பேச்சு இருந்தது, டாக்டரின் பேச்சும் இருந்தது. தன் பேச்சு எந்தப் பக்கம் இருக்கிறது என்று தேடினாள். உள்ளேயிருந்து டாக்டர், "யாருய்யா அடுத்தது, வரச் சொல்லும்மா, வீங்கின தாடையோட உக்காந்திருக்குமே!" என்று கத்தினார். அவள் திரும்பி, "சார் உங்களைக் கூப்பிடறாரு" என்று ஒரு பெரியவரை உள்ளே அனுப்பினாள். அந்த வேலையை மட்டும் சரியாகச் செய்தாள்.

"எனக்கு ஒண்ணுமில்லைங்க. உங்களுக்கு எது சௌகரியமோ…"

பல்செட்காரர் கேட்டதைக் கேட்டபடி எடுத்துக்கொள்கிறவர். வார்த்தைக்குப் பின்னால் போய்த் தேடும் வழக்கம் அவருக்குக் கிடையாது. ஒண்ணுமில்லை என்றால் ஒண்ணுமில்லைதான்.

"சரிங்க. புரிஞ்சுது. நேரா சொன்னதுக்கு நன்றி."

நேராகச் சொன்னாளாம்! டப்பாக்களை வைத்துவிட்டு அவர் படியிறங்கிப் போனார். ஒன்றாம் தேதி ஏழு இருபது வண்டி சரியான நேரத்துக்குக் கிளம்பியிருக்க வேண்டும். அன்று அந்த நேரத்தில் அப்பா நாற்காலியிலிருந்து கடிகாரத்தைப் பார்த்ததைத் தபால் பார்த்தாள்.

மூன்று மாதம் கழித்து சித்தி வந்தாள். சித்திக்கு எதையும் மூடி வைக்கத் தெரியாது. பாத்திரத்துக்கு மூடி போடக்கூட மறந்துவிடுவாள். காபி குடித்து முடிப்பதற்குள் அம்மாவின் வாயிலிருந்து விஷயத்தைப் பிடுங்கிவிட்டாள். பிடுங்கியதும் ஹாலின் நடுவில், சரியாக அந்த ஆறாவது டைல் மேல், போய் நின்றுகொண்டாள்.

"மாமா! வந்த இடத்தை எதுக்கு வேணாம்னீங்க?"

"நான் எப்பம்மா வேணாம்னேன்? போகட்டும்னு அன்னைக்கே சொல்லிட்டேனே. உங்கக்காவுக்குத்தான் மனசில்ல."

"நானா?"

மெஷின் பக்கமிருந்து வந்த அந்தக் குரல் யாரைப் பார்த்துப் பேசுகிறது என்று எல்லாருக்கும் ஒரு கணம் புரியவில்லை. அம்மா அப்பாவைப் பார்த்துப் பேசினாள். நேராக. இருபத்தாறு வருஷத்துக்குப் பிறகு.

"நானா மனசில்லன்னேன்? நீங்கதான் தூரம்னீங்களாம்."

அப்பா சட்டைப்பையில் கைவிட்டு அந்தத் துண்டுக் காகிதத்தை எடுத்தார். மடிப்பில் கிழிந்து போயிருந்தது. அதை நீட்டினார். சித்தி வாங்கிப் படித்தாள்: ஏழு இருபது, மூன்றாம் நடைமேடை, போய்ச் சேரும் நேரம் மூன்று இருபத்தைந்து.

மூன்று பேரும் மெதுவாகத் தபாலைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் சுவரோரம் நின்றிருந்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் கஷ்டப்படக் கூடாதுன்னுதான்…" என்றாள்.

"எத்தனை நாளாடி இப்படி?" என்றாள் சித்தி.

அவள் சொல்லத் தேவை இருக்கவில்லை. அம்மாவின் முகத்தில் பழைய செய்திகள் ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தன. காலர் தூக்கலாக இருந்த சட்டை, விசாரிக்கப்பட்ட கால்வலிகள், எத்தனையோ. கடைசியில் ஒன்றின் முன்னால் போய் நின்றாள். கணவனைப் பார்த்து மெல்லக் கேட்டாள்.

"ஆஸ்பத்திரில இருந்தப்ப… மெஷின் சத்தம் இல்லாம வீடு என்னமோ மாதிரி இருக்குன்னு சொன்னீங்களா?"

தபால் அப்பாவைப் பார்த்தாள். ஒரே ஒரு தடவை, அவள் கற்றுக்கொடுக்காமலே, அவர் ஆமாம் என்று சொல்லிவிட மாட்டாரா என்று கண்ணாலேயே கெஞ்சினாள். ஆனால் அப்பா டைம் கீப்பர். ஒரு நிமிஷத்தைக் கூட்டியோ குறைத்தோ அவருக்குப் பழக்கமில்லை.

"தூசி விழுதுன்னு சொன்னேன்" என்றார்.

அம்மா தலையை ஆட்டினாள். மெஷினின் மேல் போட்டிருந்த துணியை ஒரு தடவை உதறி, மறுபடியும் போட்டு மூடினாள்.

சித்தி ஊருக்குக் கிளம்பும் முன்னால் தபாலின் கையில் போனைத் திணித்தாள். "இப்பவே பேசு. என் கண்ணு முன்னாலயே. தபால்காரி வேலை எல்லாம் போதும், உனக்கு என்னன்னு உன் வாயால சொல்லு."

தபால் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டாள். போன் நாலு தடவை மணியடித்தது. "சொல்லுங்க" என்றது பல்செட்காரரின் குரல். பின்னால் ஏதோ இயந்திரம் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

"அம்மா அப்பாவுக்கு சம்மதம்ங்க."

மறுமுனையில் இயந்திரம் நின்றது. "உங்களுக்கு?"

"எனக்கும்." சொல்லிவிட்டாள். எவ்வளவு சின்ன வார்த்தை! "எனக்கு அப்பவே இருந்துச்சு."

அவர் வழக்கம்போல நேராகவே பேசினார். "இங்க லேப் முதலாளியோட தங்கைப் பொண்ணு. போன வாரம்தான் பேசி முடிச்சாங்க. நான் சரின்னுட்டேன். நான் ஒரு வார்த்தை சொன்னா மாத்தறதில்லைங்க, உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"நல்லா இருக்கீங்களா?"

நல்லா இருக்கேன் என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அது எப்போதுமே அங்கேதான் தயாராக நிற்கும்.

"இல்லைங்க" என்றாள்.

அவள் உள்ளே வந்தபோது மூவரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். அப்பா நாற்காலியின் விளிம்பில், அம்மா மெஷினருகே, சித்தி நடுவில். அந்த வீட்டில் அவள் எப்போதும் கொண்டுவந்து சேர்க்கும் நல்ல சேதிக்காக அவர்கள் காத்திருப்பது தெரிந்தது. அவள் ஆறாவது டைலை நிற்காமல் தாண்டினாள்.

"அவருக்கு வேற இடம் முடிஞ்சிருச்சு. போன வாரம். நான் போன மாசம் சொல்லியிருந்தா நடந்திருக்கும்."

சித்திக்கே வாய் அடைத்துப் போயிற்று. அவள் பையை எடுத்துக்கொண்டு, செருப்பைத் தேடி, கிளம்பிப் போனாள்.

சாயங்காலம் அம்மா சாப்பாடு போட்டாள். மூன்று தட்டும் ஒரே மேஜையில்தான். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவே இப்போது பதினாறு டைல் இல்லை, ஒரு கை நீளம். அப்பா ஒரு வாய் எடுத்து வைத்தார். கையை நிறுத்தினார். மகளைப் பார்த்துச் சொன்னார்:

"உப்பு போடலைன்னு சொல்லு."

"பக்கத்துலதானப்பா இருக்காங்க. நீங்களே சொல்லுங்க."

அப்பா அம்மா பக்கம் திரும்பினார். அம்மா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வாயைத் திறந்தார், கொஞ்ச நேரம் திறந்தபடியே இருந்தார், மூடிக்கொண்டார். உப்பு ஜாடி அம்மாவின் முழங்கைக்கு அந்தப் பக்கம் இருந்தது.

அப்பா உப்பில்லாமலே சாப்பிட்டு முடித்தார். அம்மாவும் அப்படித்தான். தபால் தட்டுகளை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவினாள்.